யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கும் முன்



இதை எழுதலாமா, வேண்டாமா என்று கணவனும் மனைவியுமாகிய நாங்கள் நெடுநாள் தயங்கினோம். ஒரு பிள்ளையின் துன்பத்தை நாலு பேர் அறியச் சொல்வது அந்தப் பிள்ளைக்கே மறுபடியும் துன்பமாகிவிடக் கூடாது என்பது ஒரு தயக்கம். எங்கள் பிழையை நாங்களே வெளியிடுவதில் உள்ள வெட்கம் மற்றொன்று. முதல் தயக்கத்தின் காரணமாகப் பெயர், தெரு, பள்ளிக்கூடம் ஆகிய அடையாளங்களை நீக்கியும் சில விவரங்களை மாற்றியும் எழுதியிருக்கிறோம். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் தடுக்கிறது. அந்தப் பிள்ளையிடமும் அவனுடைய அத்தாவிடமும் கேட்டுக்கொண்ட பின்னரே எழுதுகிறோம். இரண்டாவது தயக்கத்தை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டோம். எங்கள் வெட்கத்தைக் காட்டிலும், வாசிக்கும் குடும்பங்களுள் ஒன்றேனும் நாங்கள் செய்த தவற்றைச் செய்யாதிருப்பது பெரிது.

2022ஆம் ஆண்டு மே மாதம். நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. திண்டிவனத்தில் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகை முடிந்து எல்லோரும் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஒளுச் செய்யும் இடத்துப் படியில் பதினொரு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மோதினார் அவனிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு எங்களை அழைத்தார். அவன் விழுப்புரத்திலிருந்து தனியாகப் பேருந்தில் வந்திருந்தான். பெருநாள் காசில் மிச்சம் பிடித்ததைக் கொண்டு அரை டிக்கெட் எடுத்திருக்கிறான். விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பெரியவர்களுக்கு அது ஒரு மணி நேரப் பயணம். பெரியத்தா பின்னால் வருகிறாரா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்த பிள்ளைக்கு அது எவ்வளவு நீண்டிருக்கும் என்பதை நாங்கள் பிறகுதான் எண்ணிப் பார்த்தோம்.

அவனுடைய அம்மாவின் பிறந்த வீடு திண்டிவனத்தில் இருந்தது. அம்மா அவனுக்கு ஏழு வயதாகும்போதே வஃபாத்தாகிவிட்டார். அத்தா வளைகுடா நாட்டில் ஓட்டுநர் வேலை. பையன் விழுப்புரத்தில் அத்தாவின் அண்ணன் வீட்டில் வளர்ந்தான். நன்னி திண்டிவனத்தில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்பதுதான் அவன் நினைவில் இருந்த முகவரி. நன்னியும் முந்தைய ஆண்டே காலமாகி, வீடு வேறொருவருக்கு வாடகைக்குப் போயிருந்தது. கதவைத் தட்டியவன் அறியாத முகத்தைக் கண்டு, திரும்பி நடந்து பள்ளிவாசலுக்கு வந்துவிட்டான்.

நாங்கள் அவனிடம் முதலில் கேட்ட கேள்வி, "நீ யார் வீட்டுப் பிள்ளைப்பா?" என்பது. அவன் பெரியத்தாவின் பெயரைச் சொன்னதும் அங்கு நின்றவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தெரிந்த குடும்பம், ஐவேளைத் தொழுகையாளி, கொடுக்கல் வாங்கலில் நாணயமானவர். வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்டோம். அவன் அணிந்திருந்தது பெருநாள் சட்டை. முழுக்கை வைத்தது. மே மாதப் புழுக்கத்திலும் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தான். "கழற்றிட்டுக் காத்தாட உட்காரேன்" என்று நாங்கள் சொன்னபோது, "வேணாம் மாமி" என்றான். அதைக் கவனித்தோம். ஏன் என்று கேட்கவில்லை.

பெரியத்தாவுக்கு நாங்களே தொலைபேசியில் சொன்னோம். இஷாவுக்குப் பிறகு இனிப்புப் பொட்டலத்துடன் வந்தார். கண் கலங்கினார். தாயில்லாப் பிள்ளையை வளர்ப்பதில் உள்ள சிரமங்களைச் சொன்னார். ஜமாஅத்துப் பெரியவர்கள் அவருக்குப் பொறுமையையும் பையனுக்குக் கீழ்ப்படிதலையும் உபதேசித்தார்கள். இருவரையும் முஸாபஹா செய்ய வைத்து, துஆ ஓதி அனுப்பினோம். வண்டியில் பின்னால் ஏறிய பையன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். அழவில்லை. ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்த மனநிறைவோடு அன்றிரவு நாங்கள் தூங்கினோம்.

இதற்கு முந்தைய ஆண்டில்தான் இதே மாவட்டத்தைப் பற்றி நாடே பேசியது. 2021 ஆகஸ்டில், செஞ்சிக்கு அருகே ஒரு சிற்றூரில் ஓர் இளம் தாய் தன் பச்சிளங் குழந்தையை இரத்தம் வர அடித்து, அதைத் தானே கைப்பேசியில் படம்பிடித்து வைத்திருந்தது வெளியானது. காவல் துறையினர் ஆந்திராவின் சித்தூர் வரை சென்று அப்பெண்ணைக் கைது செய்தார்கள். அந்தக் காணொளி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. பார்த்தோம், பதறினோம், மற்றவருக்கும் அனுப்பினோம். அப்படி அனுப்புவதும் அந்தக் குழந்தைக்குச் செய்யும் தீங்கு என்பது அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. அந்தக் குழந்தையால் எழுந்து ஓட முடியாது. எங்கள் படிக்கு வந்தவனால் ஓட முடிந்தது. ஓடி, சரியான இடத்துக்குத்தான் வந்தான். காணொளியில் கண்ட காயத்துக்கு அழுத நாங்கள், எங்கள் வீட்டுப் பாயில் அமர்ந்து சாப்பிட்ட பிள்ளையின் சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் விழுப்புரத்திலிருந்து எங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருக்கும் ஒரு பெண் பேசினார். பையன் மறுபடியும் வீட்டை விட்டு வெளியேறியிருந்தான். ஆனால் இம்முறை அவன் திண்டிவனம் பேருந்தில் ஏறவில்லை. எங்களிடம் வந்தால் என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் போனது விழுப்புரம் ரயில் சந்திப்புக்கு. அங்கிருந்து சென்னைக்கும், திருச்சிக்கும், மயிலாடுதுறைக்கும், காட்பாடிக்கும், புதுச்சேரிக்கும் தண்டவாளங்கள் பிரிகின்றன. ஐந்து திசைகளில் எதிலும் அவனுக்கு ஆளில்லை. எந்த ரயிலில் ஏறுவது என்று தெரியாமல் இரவு முழுதும் நடைமேடையில் உட்கார்ந்திருந்தான். விடியற்காலையில் பெருக்க வந்த தூய்மைப் பணியாளர் ஒருவர் அவன் அருகில் வந்து, "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். பெயரையோ ஊரையோ கேட்கவில்லை. தாம் கொண்டுவந்திருந்த இட்லியில் இரண்டை எடுத்துக் கொடுத்தார். அவன் வலது கையை நீட்டாமல் இடது கையை நீட்டியதைப் பார்த்து, "கை என்னாச்சு?" என்றார். அதற்கு அவன் பதில் சொன்னான். நான்கு மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டில் கேட்கப்படாத கேள்வி அது. அந்த அம்மா ரயில்வே பாதுகாப்புப் படையினரிடம் சொல்ல, அவர்கள் 1098க்குத் தகவல் கொடுத்தார்கள்.

மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. முதுகில் பெல்ட்டின் புதிய காயங்களோடு பழைய தழும்புகளும் இருந்தன என்று எங்களிடம் சொன்னார்கள். அந்தப் பழைய தழும்புகள் பெருநாள் சட்டைக்குள் எங்கள் வீட்டுக்கு வந்துபோனவை.

குழந்தைகள் நலக் குழுவின் முன்பு எங்களையும் அழைத்திருந்தார்கள். அது நீதிமன்றம்போல் இல்லை. ஒரு மேசை, சில நாற்காலிகள், தாழ்ந்த குரலில் பேசும் சிலர். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இக்குழுவில் ஒரு பெண்ணேனும் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். உறுப்பினராக இருந்த பெண்மணி எங்களிடம், "மே மாதம் வந்தப்போ பையன் உங்ககிட்ட என்ன சொன்னான்?" என்றார். "ஒன்றும் சொல்லவில்லை" என்றோம். "நீங்க கேட்டீங்களா?" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. பதிவுக்காகக் கேட்டார். எங்களால் உடனே பதில் சொல்ல இயலவில்லை.

அன்று முதல் எங்கள் மனத்தில் ஓடிய சில கேள்விகளை வாசகர்களோடு பகிர விரும்புகிறோம். நம் குடும்பங்களில் இவற்றைக் கேட்காத வீடு இருக்காது.

பிறருடைய குறையை மறைப்பது நன்மையல்லவா என்பது முதலாவது. ஆம், நன்மைதான். ஆனால் இன்னொருவர் மீது நடந்துகொண்டிருக்கும் அநீதியை மறைப்பது அதில் சேராது. புறம் பேசுவதைக் கடுமையாகத் தடுக்கும் நம் மார்க்க அறிஞர்களே விதிவிலக்குகளையும் எழுதி வைத்திருக்கிறார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் அத்தகைய ஆறு சூழல்களைக் குறிப்பிடுகிறார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் அதிகாரம் உள்ளோரிடம் முறையிடுவது அவற்றுள் முதலாவது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு யாரிடம் முறையிடுவது என்று தெரியாது. அவனுக்காக அதைச் செய்ய வேண்டியவர்கள் அவனைக் கண்ட பெரியவர்கள்தாம். நீதிக்குச் சாட்சியாக நிற்கும்போது பெற்றோர், உறவினர் என்று பாராதிருக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அன்றிரவு நாங்கள் பார்த்ததெல்லாம் ஒரு தொழுகையாளியின் மதிப்பை மட்டுமே.

கண்டித்து வளர்க்க வேண்டாமா என்பது இரண்டாவது. தொழுகைக்காகப் பிள்ளையைக் கண்டிப்பதைப் பற்றிய நபிமொழியை உடனே எடுத்துக்காட்டுவோர் உண்டு. முகத்தில் அடிக்கக் கூடாது, காயமோ தழும்போ ஏற்படக் கூடாது, கோபத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக இருக்கக் கூடாது என்று அதற்கு அறிஞர்கள் வகுத்த வரம்புகளை அவர்கள் சொல்வதில்லை. அனஸ் (ரலி) அவர்கள் ஏறத்தாழ இந்தப் பையனின் வயதில்தான் நபி (ஸல்) அவர்களின் வீட்டுக்குப் பணிவிடை செய்ய வந்தார்கள். பத்தாண்டுகள் உடனிருந்தும் நபியவர்கள் ஒருமுறையேனும் தம்மைச் சலித்துக்கொண்டதில்லை என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். இன்னொன்றையும் நாம் எண்ண வேண்டும். பிறக்கும் முன்பே தந்தையையும், ஆறு வயதில் தாயையும், எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்த நபி (ஸல்) அவர்கள் வளர்ந்ததும் தந்தையின் உடன்பிறந்தவர் வீட்டில்தான். அபூதாலிபின் வீட்டில் வசதி குறைவு, அன்பில் குறைவில்லை. பெரியத்தா வீட்டில் வளரும் பிள்ளை என்பது நமக்குப் புதிய செய்தியன்று. அந்த வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஸீராவே நமக்குச் சான்று.

அரசு இல்லத்துக்குப் போனால் பிள்ளை நம் கையை விட்டும் தீனை விட்டும் போய்விடாதா என்பது மூன்றாவது. நாங்களும் இப்படித்தான் அஞ்சினோம். எனவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறோம். மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். மருத்துவப் பரிசோதனை நடந்தது. விசாரணை முடியும் வரை பையன் பதிவு பெற்ற குழந்தைகள் இல்லம் ஒன்றில் தங்கினான். நாங்கள் குழுவின் அனுமதியோடு போய்ப் பார்த்தபோது அவனுக்குத் தொழத் தனியிடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு தொப்பியும் முஸல்லாவும் கொண்டுபோய்க் கொடுத்தோம். சமூகப் பணியாளர் ஒருவர் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உறவினர் வீடுகளுக்குச் சென்று விசாரித்து அறிக்கை கொடுத்தார். குழந்தை குடும்பத்தில் வளர்வதே முதல் நோக்கம், இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்பதே சட்டத்தின் அடிப்படை. பிள்ளையைப் பிரிப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது என்ற எங்கள் எண்ணம் தவறு.

அத்தா விடுப்பெடுத்து ஓடி வந்தார். வெள்ளிக்கிழமைதோறும் மகனோடு காணொளியில் பேசிக்கொண்டிருந்தவர் அவர். "நல்லா இருக்கேன் அத்தா" என்று மகன் சொன்னபோதெல்லாம் திரைக்கு வெளியே அண்ணன் நின்றிருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தார். அந்தத் தந்தை அழுததை எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டில் உழைக்கும் தந்தையர் இதை வாசித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளையோடு தனியே பேசுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில், வேறொருவர் வீட்டிலிருந்தோ பள்ளிக்கூடத்திலிருந்தோ பேச வையுங்கள். "சாப்பிட்டாயா, படித்தாயா" என்பதற்கு அப்பாலும் கேளுங்கள்.

பையன் இல்லத்தில் இருந்த வாரங்களில் ஜமாஅத்தில் சிலர், "எங்காவது தூரத்து மத்ரஸா விடுதியில் சேர்த்துவிட்டால் பிரச்சினை முடிந்துவிடும்" என்றார்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் குழந்தைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவும் கண்காணிப்பும் இல்லாத இடம் எத்தனை நல்ல பெயர் வைத்திருந்தாலும் பாதுகாப்பாகிவிடாது. பிந்தைய ஆண்டிலேயே இதற்கொரு பாடம் எங்கள் மாவட்டத்தில் கிடைத்தது. விக்கிரவாண்டியை அடுத்த குண்டலப்புலியூரில் மனநலம் குன்றியோரையும் ஆதரவற்றோரையும் வைத்திருந்த ஓர் இல்லத்தைப் பற்றிய கொடுமையான புகார்கள் 2023 பிப்ரவரியில் வெளிவந்தன. அங்கு சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணாமல் உயர் நீதிமன்றம் நாடப்பட்டதிலிருந்தே அது வெளிச்சத்துக்கு வந்தது. அது குழந்தைகள் இல்லம் அன்று. ஆனாலும், ஒருவரை ஓர் இல்லத்தில் விட்டுவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணும் நம் பழக்கத்துக்கு அது எச்சரிக்கை.

விசாரணையின் முடிவில், அத்தா ஊரில் இருக்கும் வரை அவரோடும், அவர் திரும்பிய பின் அம்மாவின் தங்கை வீட்டிலும் பையன் இருக்கலாம் என்று குழு உத்தரவிட்டது. இடையிடையே அதிகாரிகள் வந்து பார்த்துப்போகிறார்கள். உறவினர் எவரும் இல்லாத பிள்ளைகளுக்காக வளர்ப்புப் பராமரிப்பு என்றொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது. அதில் பிள்ளையின் வம்சாவழியோ தந்தை பெயரோ மாறுவதில்லை. நம் மார்க்கம் சிறப்பித்துச் சொல்லும் கஃபாலாவுக்கு மிக நெருங்கிய ஏற்பாடு அது. வசதியுள்ள குடும்பங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள். தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகையும் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் உண்டு.

பெரியத்தாவின் மீது வழக்குப் பதிவாகியிருக்கிறது. தம் பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவோருக்கு 75ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். எங்களைப் பற்றி மட்டும் சொல்கிறோம். ஆதரவின்றித் தனியே வந்து நிற்கும் குழந்தையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் 1098க்கோ, அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 32ஆம் பிரிவு. பாலியல் துன்புறுத்தல் என்ற ஐயம் எழுந்தாலே போக்சோ சட்டப்படி தெரிவித்தாக வேண்டும், மறைப்பது தண்டனைக்குரியது. பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்யும் உரிமை எங்களுக்கோ ஜமாஅத்துக்கோ அன்றிரவு இருக்கவில்லை.

1098 என்பது 1996இல் மும்பையில் சிறு முயற்சியாகத் தொடங்கி நாடெங்கும் பரவிய கட்டணமில்லா எண். இரவும் பகலும் இயங்குகிறது. 2023 முதல் அரசே நேரடியாக நடத்துகிறது. அவசர உதவி எண் 112உடனும் இணைத்திருக்கிறார்கள். குழந்தையே பேசலாம், கண்டவர் யாரும் பேசலாம். எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நேரப் பலகைக்குக் கீழே இப்போது அந்த எண் எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுத வேண்டும் என்று சொன்னவர் மோதினார். மக்தப் பிள்ளைகளுக்கு உஸ்தாத் அதை மனனம் செய்ய வைத்திருக்கிறார். இமாம் ஒரு ஜும்ஆவில் இதைப் பற்றியே பயான் செய்தார்.

உங்கள் வாசலுக்கும் ஒரு பிள்ளை வரலாம். வந்தால் முதலில் சோறு போடுங்கள். பிறகு தனியே உட்கார்ந்து, "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம், சொன்னதை நம்புங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. படம் எடுக்காதீர்கள், குழுவில் பகிராதீர்கள். வீட்டுக்குத் தகவல் சொல்வதற்கு முன் 1098க்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும் வரை கூடவே இருங்கள். யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வியை அவர்கள் விசாரித்துக்கொள்வார்கள்.

சென்ற நோன்புப் பெருநாளன்று அவன் சின்னம்மாவோடு திண்டிவனம் கபர்ஸ்தானுக்கு வந்திருந்தான். அம்மாவின் கபரையும் நன்னியின் கபரையும் ஜியாரத் செய்துவிட்டுத் திரும்பும்போது எங்களைக் கண்டான். ஸலாம் சொன்னான். நலமா என்று கேட்டதற்குத் தலையசைத்தான். வீட்டுக்கு வரச் சொன்னோம். "இன்னொரு நாள் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான். வர வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தவில்லை. எங்கள் வீட்டுக் கதவை அவன் எப்படி நினைவில் வைத்திருப்பான் என்பது எங்களுக்குத் தெரியும். அரைக்கைச் சட்டை போட்டிருந்தான்.

யா அல்லாஹ், எங்கள் பிழையை மன்னிப்பாயாக. பாதுகாப்புத் தேடி வரும் பிள்ளைகளை அடையாளம் காணும் கண்ணையும், அவர்களைக் கேட்கும் காதையும் எங்கள் சமுதாயத்துக்குத் தருவாயாக. ஆமீன்.